பதினான்காவது நிமிடம்

கலகெதர
2024 செப்டெம்பர் 2

நஸீப் நானாவுக்கு,

ஸலாம். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆனாலும் ஸலாம் சொல்லாமல் தொடங்க மனம் வரவில்லை.

உங்கள் நம்பரை நான் தடுத்து வைத்திருக்கிறேன் என்று இதற்குள் உங்களுக்கு விளங்கியிருக்கும். என் கலியாண வீடியோவில் ஏன் வெட்டினீர்கள் என்று அன்று நான் போனில் கேட்டதற்கு நீங்கள் சிரித்தீர்கள். "வீடியோண்டா வெட்டாம எப்பிடி தங்கச்சி?" என்று கேட்டீர்கள். குரல் செய்தி அனுப்பிக் கேட்டிருக்கலாம்தான். என் குரலை உங்கள் கையில் கொடுக்க இனிப் பயமாக இருக்கிறது. அதனால்தான் முத்திரை வாங்கி ஒட்டியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். எனக்கு ஆசிரியர் நியமனம் வந்திருக்கிறது. ஹேவாஹெட்டயில் ஒரு தமிழ்ப் பாடசாலை. ஒக்டோபர் பதினான்காம் திகதி போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் இடம் போய்விடும், திரும்பக் கிடைக்காது. இங்கிருந்து தினமும் போய்வர முடியாது. கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மலைக்கு ஒரு பஸ். அங்கேயே அறை எடுத்துத் தங்கி வெள்ளிக்கிழமை வர வேண்டும்.

ஷிராஸ் வேண்டாம் என்கிறார். "கலியாணத்தண்டைக்கே நான் இத செல்லித்தானே சம்மதிச்ச" என்றேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. எழுந்துபோய் டிவியில் எங்கள் கலியாண வீடியோவைப் போட்டார். பதினான்காவது நிமிடம். வாப்பா அறைக்குள் வருகிறார், சம்மதமா என்று கேட்கிறார். நான் தலையைக் குனிந்து, முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு அழுகிறேன். "சம்மதம் வாப்பா" என்று என் குரல். அதோடு பாட்டுத் தொடங்கிவிடுகிறது.

"எங்க செல்லி ஈக்கி? நீங்களே பாருங்க" என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லையாம்.

நானா, நான் சொன்னேன். "சம்மதம் வாப்பா. ஆனா வேல கெடச்சா நான் போவேன், அத அவருக்கிட்ட செல்லிடுங்க" என்று சொன்னேன். வாப்பா கேட்டுத் தலையாட்டினார். எனக்கு அது நேற்று நடந்ததுபோல ஞாபகம் இருக்கிறது. அதற்கு இருந்த ஒரே சாட்சி வாப்பா. மார்ச் மாதத்தில் அவரையும் அடக்கிவிட்டோம்.

மீதி எங்கே? என் வாக்கியத்தின் பாதியை என்ன செய்தீர்கள்?

அஸீமா


கண்டி
2024 செப்டெம்பர் 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். ஸ்டூடியோவுக்குக் கடிதம் வந்தது இதுதான் முதல் தடவை. முதலாளி கரண்ட் பில் என்று நினைத்து முகத்தைச் சுருக்கிக்கொண்டார்.

நீ கோபப்படுவது சரி. ஆனால் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்கிறேன். நீ பார்ப்பது ஒரு வீடியோ இல்லை. படம் ஒரு துண்டு. உன் வாப்பாவின், அதாவது என் பெரிய வாப்பாவின், சட்டையில் குத்திய சின்ன மைக்கின் சத்தம் வேறு துண்டு. பைத் பாட்டு ஒன்று, பெயர் எழுத்து ஒன்று, பின்னால் கேட்கும் குருவி ஒன்று. எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும். ஒன்றைத் தூக்கினால் மற்றது அசையாது. சஹன் தட்டில் சோறும் கோழியும் கத்தரிக்காயும் வேறு வேறு சட்டியில் வெந்துதானே வருகின்றன? சுற்றி உட்கார்ந்து தின்பவருக்கு அது ஒரே சாப்பாடு.

அன்று என்ன நடந்தது என்றால், பெரிய வாப்பா முதலில் வந்து கேட்டபோது தகரத்தில் மழை கொட்டியது. படம் நன்றாக வந்தது, சத்தம் நாசம். அதோடு லைட்டும் போய்விட்டது. நான்தான் ஜன்னலைச் சாத்திவிட்டு, இன்னொரு தடவை வந்து கேட்கச் சொன்னேன். உனக்கு ஞாபகம் இல்லையா? இரண்டாம் தடவை நீ சிரித்துவிட்டாய். சிரிக்கிற மணப்பெண்ணை அந்த இடத்தில் போட்டால் மாமிமார் என்னைச் சும்மா விடுவார்களா? அதனால் முதல் தடவையின் படத்தை எடுத்து, இரண்டாம் தடவையின் குரலை அதில் வைத்தேன். உன் வாய் மூடியிருந்ததால் நன்றாகப் பொருந்தியது. எல்லாரும் செய்வதுதான். அந்தக் குருவிகூட உங்கள் வீட்டுக் குருவி இல்லை, அக்குறணையில் வேறொரு கலியாணத்தில் எடுத்தது.

மழைச் சத்தத்தைத்தான் வெட்டினேன். உன் வார்த்தையை நான் தொடவில்லை. வேண்டுமென்று யாராவது தங்கச்சியின் கலியாணத்தைக் கெடுப்பானா?

முதல் தடவை நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. நான் லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் துண்டுகளும் இப்போது இல்லை. இடம் போதாமல் போன வருடமே ஸ்டூடியோவில் அழித்துவிட்டார்கள்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. மருதாணி வைத்த அன்று நீ ஒரு மணித்தியாலம் பேசியது என்னிடம் இருக்கிறது. "ஆனா" இருக்கிறது. "வேல" இருக்கிறது. "போவேன்" இரண்டு இடத்தில் இருக்கிறது. எல்லாம் உன் சொந்தக் குரல். நீ சொன்னதாகச் சொல்லும் வாக்கியத்தை நான் ஒரு பின்னேரத்தில் ஒட்டித் தருகிறேன். யாருக்கும் தெரியாது. ஷிராஸ் மச்சானும் மறு பேச்சுப் பேசமாட்டார்.

யோசித்துச் சொல்.

நஸீப்


கலகெதர
2024 செப்டெம்பர் 11

நானாவுக்கு,

இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். உங்கள் கடிதத்தைக் கத்தரியால் வெட்டி, ஒட்டியிருக்கிறேன். வாசித்துப் பாருங்கள்:

"அன்புள்ள தங்கச்சிக்கு, உண்மையைச் சொல்கிறேன். வேண்டுமென்று உன் வார்த்தையை வெட்டினேன். யாருக்கும் தெரியாது. நஸீப்."

எல்லாம் உங்கள் சொந்தக் கையெழுத்து. ஒரு எழுத்துக்கூட நான் சேர்க்கவில்லை. உங்கள் வேலையில் வெட்டின இடம் தெரியாது, என் வேலையில் பசை தெரிகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆத்திரத்தில் செய்தேன். இரண்டு நாள் சந்தோஷமாகவும் இருந்தது. இப்போது அந்தச் சந்தோஷமும் இல்லை.

நீங்கள் சொன்ன பிறகுதான் அந்த இரண்டாம் தடவை எனக்கு ஞாபகம் வந்தது. வாப்பா வாசலில் நின்று "நடிக்கவும் வெச்சிட்டானே இவன்" என்று முணுமுணுத்தார். நான் சிரித்தேன். அது சரி. அப்படியானால் இத்தனை நாளும் எனக்கு ஏன் ஒரே ஒரு தடவைதான் ஞாபகம் இருந்தது? அந்த வீடியோவைப் பெருநாளுக்கும் பார்த்தோம், வாப்பா மௌத்தான பிறகு உம்மாவுக்காகத் தினமும் பார்த்தோம். என் ஞாபகத்தில் இருப்பது நடந்ததா, நீங்கள் ஒட்டித் தந்ததா? நான் அழுதது ஒரு நேரம், சம்மதம் சொன்னது இன்னொரு நேரம் என்றால், அந்த மீதி வாக்கியத்தை எந்த நேரத்தில் சொன்னேன்? அழும்போதா, சிரிக்கும்போதா? சொன்னேனா, இல்லை மனதுக்குள் பல நாள் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னதாக நினைத்துக்கொண்டேனா? தலை சுற்றுகிறது நானா.

உங்கள் யோசனைக்குப் பதில்: வேண்டாம். ஒரு பகல் முழுக்க ஆசைப்பட்டேன், அதை மறைக்கமாட்டேன். அதன் பிறகு நினைத்தேன், அந்த ஒட்டு வேலையைப் பத்துத் தடவை பார்த்தால் நானே அதை நம்பிவிடுவேன்.

குருவி விஷயத்தை உம்மாவிடம் சொல்லவேண்டாம். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் நம்முடைய பலாமரத்துக் குருவி என்று அழுகிறார்.

அஸீமா


கண்டி
2024 செப்டெம்பர் 19

அஸீமா,

நீ ஒட்டி அனுப்பிய தாளை என் மனைவி ஷஹ்மா முதலில் பார்த்துவிட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "வெட்டி ஒட்டி ஈக்கி, பசை தெரியலயா?" என்றேன். "ஒட்டினாலும் எழுதினது நீங்கதானே?" என்கிறாள். நான் எழுதியதுதான். நான் சொல்லாததுதான். இரண்டும் உண்மை என்று கட்டின மனைவிக்கு விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. உனக்கு என்ன செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மன்னித்துக்கொள்.

இனி முக்கியமான விஷயம். துண்டுகள் எல்லாம் அழிந்துவிட்டன என்று எழுதினேன். படங்கள் அழிந்தது உண்மை. ஆனால் சத்தம் தனியாக வேறொரு டிஸ்க்கில் கிடந்திருக்கிறது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. நான் சத்தங்களைச் சேர்த்து வைப்பேன். குருவி, பள்ளிவாசல் மைக், சட்டிபானை, பிள்ளைகள் விளையாடுவது. ஒரு கலியாணத்தில் குறைந்தால் இன்னொன்றிலிருந்து எடுத்துப் போடலாம் அல்லவா? உன் கலியாண நாளின் மழை நல்ல மழை. அதற்காகவே அந்தக் கோப்பை வைத்திருக்கிறேன். "மழை, தகரம், கலகெதர" என்று பெயர். உன் மழை இதுவரை மூன்று வீடுகளில் பெய்திருக்கிறது.

அது பெரிய வாப்பாவின் மைக்கில் பதிந்த சத்தம். முழுதாக ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம். அவர் அறைக்குள் வருவதற்குக் கொஞ்சம் முன்பிருந்தே ஓடுகிறது. அவருக்கு அதை நிறுத்தத் தெரியாது, நானும் மறந்துவிட்டேன். அப்படியே மைக்கோடு பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார். நான் அவர் வருமுன் பெய்த நான்கு நிமிட மழையையும் அந்த இரண்டாம் தடவைச் சம்மதத்தையும் மட்டும் எடுத்துப் பாவித்தேனே தவிர, மீதியை ஒருநாளும் கேட்டதில்லை. அந்த மழைக்குக் கீழே உன் குரல் இருக்கும்.

இன்னும் கேட்கவில்லை. கேட்கட்டுமா? நீ சொல்லாமல் இனித் தொடமாட்டேன்.

நஸீப்


கலகெதர
2024 செப்டெம்பர் 22

நானா,

உங்கள் கடிதத்தை ஷிராஸிடமும் காட்டினேன். மறைத்து ஒன்றும் செய்யக்கூடாது என்று முடிவெடுத்திருக்கிறேன். வாசித்துவிட்டு, "நல்லது. அதுல நீங்க சென்னது ஈந்தா நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றார். நல்ல மனிதர்தான் நானா. பிடிவாதம்தான் பெரிய பிடிவாதம். நான் போய்விட்டால் வீடு வெறிச்சோடிவிடும் என்று பயப்படுகிறார், அதைச் சொல்லத் தெரியாமல் டிவியைப் போடுகிறார்.

எனக்குத்தான் இப்போது பயம். சொல்லவில்லை என்று வந்துவிட்டால்? ஒரு மழைக்கோப்பில் என் குரல் இல்லாவிட்டால் எனக்குப் போக உரிமை இல்லை என்று ஆகிவிடுமா? எதற்காக அவருடைய அந்தப் பேச்சுக்குச் சரி சொன்னேன் என்றும் விளங்கவில்லை. கேட்கவேண்டும், கேட்கவும் கூடாது. இப்படித்தான் நாட்கள் போகின்றன. பதினான்காம் திகதிக்கு இன்னும் மூன்று கிழமைகள்.

நீங்களே முதலில் கேளுங்கள். கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். வாப்பாவின் குரலைத் தனியாக, முதன்முதலாகக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் கோப்பை வெட்டாமல் முழுதாக அனுப்புங்கள். செருமலைக்கூட எடுக்காதீர்கள்.

அஸீமா


கண்டி
2024 செப்டெம்பர் 27

அன்புள்ள தங்கச்சி,

கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். கேட்டபடியே எழுதுகிறேன்.

மழை. கதவு. பெரிய வாப்பா செருமுகிறார். "அஸீமா மகள், ஷிராஸுக்கு உங்களக் காவின் முடிச்சுக் குடுக்க சம்மதமா?" பிறகு மழை மட்டும். ஒன்பது செக்கன். பிறகு நீ, மிகவும் மெதுவாக: "வாப்பா, அந்த வேல..." அதோடு அழுகை. அவர் சொல்கிறார்: "வெளங்கிச்சு மகள். அழாதீங்க. நான் பேசுறன்." உடனே என் குரல் குறுக்கே வருகிறது: "பெரிய வாப்பா, லைட் போயிட்டு, இன்னொருக்கா வாங்க."

அவ்வளவுதான். நீ ஞாபகம் வைத்திருக்கும் வாக்கியம் அதில் இல்லை. இரண்டாம் தடவையிலும் இல்லை, அங்கே சிரிப்பும் "சம்மதம் வாப்பா"வும் மட்டும். இதை எழுத எனக்குக் கை வரவில்லை. உண்மையில், மருதாணி நாளின் கோப்பைத் திறந்தும் வைத்துவிட்டேன். "ஆனா" திரையில் நின்றது. மூடிவிட்டேன்.

ஆனால் நீ முழுதாக என்று எழுதியிருந்தாய் அல்லவா? அதனால் தொடர்ந்து கேட்டேன். வேன் கதவு. செருப்புச் சத்தம். ஸலாம்கள். பிறகு தண்ணீர். பள்ளிவாசல் ஹவுள் தொட்டியில் கை கால் கழுவி ஒளுச் செய்கிறார். அங்கே இது:

"மகன், ஒரு விஷயம். எங்கட புள்ள டீச்சர் வேலைக்கு எழுதி ஈக்கி. கெடச்சா அனுப்போணும். எங்க கெடச்சாலும். அவ அத மனசுல வெச்சித்தான் சம்மதம் செல்லி ஈக்கி. வாயால செல்ல அழுக வருது, அதால நான் செல்றன்."

"சரி மாமா. அதுக்கென்ன."

இரண்டாவது குரல் மச்சானுடையது. அந்த இடத்துக்கு மேலேதான் நான் பைத் பாட்டை ஏற்றி வைத்திருந்தேன். வீடியோவில் நீ பார்த்திருப்பாய், இரண்டு பேரும் ஹவுளடியில் நிற்பார்கள், பாட்டு ஓடும். அழகான இடம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

உன் வாக்கியம் உன்னிடம் மூன்று சொல்லாகவும் பெரிய வாப்பாவிடம் மீதியாகவும் இருந்திருக்கிறது. நீ அதை ஒன்றாகச் சேர்த்து ஞாபகம் வைத்திருக்கிறாய். என் தொழிலைத்தான் நீயும் செய்திருக்கிறாய் என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை.

பென் டிரைவ் இதோடு வருகிறது. செருமல் உட்பட முழுதாக.

நஸீப்


ஹேவாஹெட்ட
2024 ஒக்டோபர் 16

நஸீப் நானாவுக்கு,

ஸலாம். மேலே இருக்கும் ஊரின் பெயரைப் பார்த்தவுடனே உங்களுக்கு விளங்கியிருக்கும். அந்தோனியம்மா என்று ஒருவர் வீட்டில் அறை எடுத்திருக்கிறேன். "டீச்சர், குளிருதுங்களா? கம்பளி தரவா?" என்று மணிக்கொரு தடவை கேட்கிறார். நாளை போயா, பௌர்ணமி விடுமுறை, பாடசாலை இல்லை. அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

நாலாம் திகதி, ஜும்மா முடிந்து ஷிராஸ் வந்து சாப்பிட்ட பிறகு, உம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்து முழுதாகப் போட்டேன். ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம். நான் சொல்லாத இடத்தில் அவர் என்னைப் பார்த்தார். "இல்ல. நான் செல்லல்ல. செல்ல வந்தேன்" என்றேன். அதைச் சொன்னதும் எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு வேன், செருப்பு, தண்ணீர். வாப்பாவின் குரல் வந்தபோது உம்மா என் கையைப் பிடித்தார். "சரி மாமா. அதுக்கென்ன" என்று கேட்டதும் ஷிராஸ் கதிரையை விட்டு எழுந்தார்.

"இத நஸீப் ஒட்டி ஈக்கலாம்" என்றார். நான் கோபப்படவில்லை. எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது, நானா. உங்கள் கடிதத்தில் அந்த "ஆனா" திரையில் நின்றது என்று வாசித்ததிலிருந்து இருந்தது. "ஒட்டினதாவும் ஈக்கலாம். அந்தப் பதினாலாவது நிமிஷமும் ஒட்டினதுதானே" என்றேன்.

அவர் அலுமாரியைத் திறந்தார், மூடினார். முற்றத்துக்குப் போனார். அஸர் தொழுகை வரைக்கும் ஒரு சொல் பேசவில்லை. திரும்பி வந்து வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னார்: "அண்டைக்கு மாமா ஒளுச் செஞ்ச ஈரக் கைய என்ட தோள்ல வெச்சாரு. சட்ட நனஞ்சிட்டு. நிகாஹ் முடியும் வரைக்கும் அந்த எடம் குளிர்ந்துகொண்டு ஈந்திச்சு."

அது உங்கள் படத்தில் இல்லை. சத்தத்திலும் இல்லை. அவரிடம் மட்டும் இருந்த துண்டு. அவர் அதைத் தானாகக் கொண்டுவந்து வைத்த பிறகு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அழுதேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போ என்று மட்டும் அவர் இன்னும் சொல்லவில்லை. அந்த மௌனத்தையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பெட்டியைக் கட்டியிருக்கலாம். என் மௌனத்தையும் ஒருநாள் அப்படித்தான் எடுத்தார்கள். எனக்கு அது போதவில்லை. "வாயால செல்லுங்க" என்றேன். அவர் வெட்கப்பட்டார், சிரித்தார், உம்மாவைப் பார்த்தார், பிறகு சொன்னார்: "போயிட்டு வாங்க. வெள்ளிக்கிழம நான் கண்டிக்கு வந்து கூட்டிட்டுப் போறன்."

அப்போது என் போன் குசினியில் சார்ஜில் கிடந்தது. அவர் சொன்னது எங்கேயும் பதியவில்லை.

அஸீமா